டொனேஷனும் வேண்டாம், சொந்த கார்ட்டும் வேண்டாம்: முதல் ரேஸ் சீசனுக்கு கணக்கு போடற குடும்பத்துக்கு

சோமனூர் பக்கம் தறி ஓட்டற குடும்பமுங்க. பையன் ப்ளஸ் டூ முடிச்சிருக்கான், 17 வயசு. அவங்கம்மா எனக்கு அனுப்புன மெசேஜ்ல ரெண்டே கேள்வி. "கோ-கார்ட் ரேஸ் ஓட்டோணும்னு ஒரே பிடிவாதமா இருக்கறானுங்க, மனச மாத்தறதுக்கு வழி சொல்லுங்க. மாத்தவே முடியலீன்னா ஒரு வருஷத்துக்கு எவ்வளவு செலவாகும்னாவது சொல்லுங்க." கார்ட்னா தரையோட ஒட்டி ஓடற, மேல கூடு இல்லாத சின்ன ரேஸ் வண்டிங்க. இதுக்கு நடுவுல பெரியப்பா பெரிய காலேஜ் ஒண்ணுல கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு பேசிட்டாராம், 12 லட்சம் டொனேஷன், தோட்டத்த அடமானம் வெச்சுக்கலாம்னு ஒறம்பரை எல்லாம் சேர்ந்து முடிவு பண்ணிட்டாங்களாம். தம்பிகிட்ட மட்டும் யாரும் கேக்கல.

அக்கா, மொதல்ல ஒண்ணு, 17 வயசுப் பையன் ஒரு விஷயத்து மேல இவ்வளவு ஆசையா இருக்கறது பயப்படற சங்கதியே இல்லீங்க, என்கிட்ட வர்ற பசங்கள்ல முக்காவாசிப் பேருக்கு எது மேலயும் ஆசை இல்லாததுதான் எனக்கு கவலை. ஆறுதல் இவ்வளவுதான், இனி நான் சொல்றது பெரியப்பாவுக்கு பிடிக்காது, தம்பிக்கும் பாதி பிடிக்காது.

அந்த 12 லட்சம் வேண்டாமுங்க. தமிழ்நாட்டுல கேப்பிடேஷன் ஃபீஸ், அதாவது சீட்டுக்காக டொனேஷன் வாங்கறதே 1992ல போட்ட சட்டப்படி குத்தம், அதனாலதான் அதுக்கு ரசீது தரமாட்டாங்க, ரசீது இல்லாத காசு நாளைக்கு பையன் பாதியில நின்னா திரும்ப வராது, பேங்க்ல எஜுகேஷன் லோன் கணக்குலயும் காட்ட முடியாது. நூல் விலை இன்னிக்கு ஒரு மாதிரி நாளைக்கு ஒரு மாதிரி இருக்கற தொழில்ல இருந்துட்டு, கோடிங் ஒரு வரி கூட எழுதிப் பாக்காத பையனுக்காக தோட்டத்த அடமானம் வைக்கறத நான் ஒத்துக்கவே மாட்டேன். "சொந்தக்காரங்க மத்தியில சொல்லிக்க ஒரு காலேஜ் பேரு வேணும்"னு நீங்களே எழுதியிருக்கீங்க, அந்தப் பேருக்குத்தான் அந்த விலைங்க, படிப்புக்கு இல்ல.

இப்ப தம்பி பக்கம். தம்பி, உன்கிட்ட போன்ல பேசுனப்ப மொதல்ல நரேன் கார்த்திகேயன் பேரத்தான் சொன்ன. நம்ம கோயமுத்தூர்க்காரரு, 2005ல ஜோர்டான் டீம்ல ஃபார்முலா ஒன் ஓட்டுனாரு, பெருமைதான். ஆனா அவருக்கப்பறம் 2010ல கருண் சந்தோக் ஒருத்தரு, இதுவரைக்கும் இந்தியாவுல இருந்து ஃபார்முலா ஒன் ரேஸ்ல ஓட்டுனது இவங்க ரெண்டே பேரு. நரேனோட அப்பாவே ராலி ஓட்டுனவரு, வீட்டுக்குள்ளயே அந்த உலகம் இருந்துச்சு, அதுக்கு மேலயும் ஸ்பான்சர் வேண்டியிருந்துச்சு. அதனால டிரைவர் ஆகறதையே வேலைன்னு வெச்சு வீட்டுக் காசுல திட்டம் போடறத நான் சரின்னு சொல்ல மாட்டேன்.

ஆனா அதே பேச்சுல இன்னொண்ணும் கவனிச்சேன். ஜெயிக்கறதப் பத்தி நீ பேசுனது கொஞ்சம், கார்ட்டுக்கு ஏன் சஸ்பென்ஷன் இல்ல, ரெண்டு பின் வீலும் வேற வேற வேகத்துல சுத்த விடற டிஃபரென்ஷியல் இல்லாம பின்னாடி ஒரே ஆக்ஸில் இருக்கறப்ப வளைவுல எப்படித் திரும்புதுன்னு பேசுனதுதான் ஜாஸ்தி. உள்பக்க பின் வீல் லேசா தூக்குனாத்தான் கார்ட் திரும்பும், அந்த வளையற வேலைய சேசிஸே, அதாவது வண்டியோட கம்பிச் சட்டமே செய்யும், அதனால சீட்டு கொஞ்சம் நகந்தாலும் டயர் காத்து கொஞ்சம் மாறுனாலும் ஓட்டம் மாறும்னு நீயா தேடிப் படிச்சு வெச்சிருக்க. தறி மோட்டார் சத்தத்த வெச்சே பேரிங் போச்சுன்னு சொல்லுவான்னு உங்கம்மா வேற சொன்னாங்க. இந்த மனசுக்கு டொனேஷன் குடுத்து கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கித் தர்றது நாலு வருஷத்த வீணடிக்கற வேலை.

கோயமுத்தூர் ரேஸிங்கே அப்படி வந்ததுதானுங்க. செட்டிபாளையத்துல இருக்கற கரி டிராக் யாரு பேருல இருக்கு? கரிவர்தன். அவரு ஓட்டுனவரு மட்டும் இல்ல, மாருதி இன்ஜின வெச்சு இங்கயே ஃபார்முலா காரு, அதாவது ஒத்தை சீட்டு ரேஸ் காரு கட்டுனவரு, 1995ல விமான விபத்துல போயிட்டாரு, அவரு விட்டுப்போனது பாதையத்தான். இன்னிக்கும் நேஷனல் சாம்பியன்ஷிப்புல செயின் கம்பெனி எல்ஜிபி பேருலயே ஒரு ஃபார்முலா 4 கிளாஸ் ஓடுது. பட்டறையும் டிராக்கும் பக்கத்துல பக்கத்துல இருக்கற ஊருல இருந்துக்கிட்டு, பையன் ஸ்டியரிங் புடிச்சாத்தான் ரேஸிங்னு நெனைக்காதீங்க.

அதனால நான் சொல்றது பாலிடெக்னிக். ப்ளஸ் டூ கணக்கு, இயற்பியல், வேதியியல் படிச்ச பையன் டிப்ளமோ ரெண்டாம் வருஷத்துல நேரா சேரலாம், மெக்கானிக்கலோ ஆட்டோமொபைலோ. ரெண்டே வருஷம். கோயமுத்தூர்ல கவர்மென்ட் பாலிடெக்னிக் இருக்கு, பிஎஸ்ஜி இருக்கு, பொள்ளாச்சில நாச்சிமுத்து பாலிடெக்னிக் 1957ல இருந்து நடக்குது. கவர்மென்ட்ல கெடச்சா ஃபீஸ் சில ஆயிரத்தோட முடிஞ்சிரும். மார்க் எடுத்தா அதுக்கப்பறம் லேட்டரல் என்ட்ரி கவுன்சிலிங்ல பிஇ ரெண்டாம் வருஷம். "டிப்ளமோவா"ன்னு கல்யாண வீட்டுல யாராச்சும் கேப்பாங்க, கேக்கட்டுமுங்க, அவங்க வந்து வட்டி கட்டப்போறதில்ல.

சரி, சீசன் கணக்குக்கு வர்றேன், இதுலதான் எல்லாரும் தலைகீழா ஆரம்பிக்கறாங்க. மொதல்ல "இத்தன ரவுண்டு ஓட்டோணும்"னு (ஒரு சீசன்ல நடக்கற ஒவ்வொரு போட்டியும் ஒரு ரவுண்டு) முடிவு பண்ணிட்டு அப்பறம் காசு தேடறாங்க. அப்படி இல்லீங்க. மேல எவ்வளவு போனாலும் தறி நிக்காது, சனிக்கெழம கூலி நிக்காதுங்கற ஒரு தொகைய தம்பியோட அப்பா சொல்லோணும், அதுல இருந்து கீழ எறங்கி வந்தா எத்தன ரவுண்டுங்கறது தானா வந்து நிக்கும். உங்க வீட்டுக்காரரு 3 லட்சம்னு சொன்னாரு. நல்லது, அதுக்கு மேல ஒரு ரூவா கிடையாது, நகை கிடையாது, ஏலச்சீட்டு எடுக்கறது கிடையாது.

அந்த 3 லட்சத்துல 60,000த்த மொதல்லயே தனிக் கணக்குல போட்டு மறந்துருங்க. அது ஒடசலுக்கு. கார்ட்டுல கார்ட் இடிக்கும், ஸ்டியரிங்க வீலோட சேர்க்கற டை ராட் வளையும், முன் வீல் மாட்டற ஸ்டப் ஆக்ஸில் வளையும், பின் ஆக்ஸிலே கோணும், அடுத்த ரேஸுக்குள்ள மாத்தியாகோணும். வாடகைக்கு வாங்குன கார்ட்டா இருந்தாலும் ஒடச்சா யாரு கட்டறதுன்னு ஒப்பந்தத்துல இருக்கும், பெரும்பாலும் ஓட்டுனவன்தான். வருஷக் கடைசில மிச்சம் இருந்தா திரும்ப எடுத்துக்கலாம்.

அடுத்தது உடம்புக்கு, ஒரு 75,000. இதுல கை வைக்காதீங்க. ரேஸ் கார்ட்டுல சீட் பெல்ட் கிடையாதுன்னு தம்பி சொல்லியிருக்க மாட்டான், தலைக்கு மேல கம்பிக் கூடு இல்லாத வண்டில பெல்ட் போட்டுட்டு கவுந்தா வண்டியோட சேர்ந்து நசுங்கிருவாங்க, அதனாலதான் இல்ல. அதனால ஹெல்மெட்டு, சூட்டு, கிளவுஸு, கணுக்கால் மூடற ஷூ, கழுத்துக்கு காலரு, அதோட விலா எலும்புக்கு ப்ரொடெக்டரு. சீட்டு ஓரம் விலாவுல இடிச்சு இடிச்சே பசங்க பாதி சீசன்ல ஒக்காந்துக்கறாங்க. சூட்டு, ஷூவெல்லாம் செகண்ட் ஹேண்டு வாங்கலாம், கிழியாம இருந்தா போதும். ஹெல்மெட்டு மட்டும் புதுசு, அதுவும் ரேஸுக்கு சான்று வாங்குனது, ரோட்டுக்கு போடற ஐஎஸ்ஐ ஹெல்மெட்ட டிராக்குல ஒத்துக்கமாட்டாங்க. கீழ விழுந்த ஹெல்மெட்டுக்கு உள்ள என்ன ஆச்சுன்னு வெளிய தெரியாது, அதனால பழசு வேண்டவே வேண்டாம்.

மிச்சம் 1,65,000. இப்ப டீம்கிட்ட போய் "ஒரு ரவுண்டுக்கு எல்லாம் சேர்த்து எவ்வளவு"ன்னு எழுத்துல கேளுங்க. எல்லாம்னா என்ன? கார்ட் வாடகை, என்ட்ரி ஃபீஸு, முந்துன நாள் பிராக்டிஸ், டயரு புதுசா ஓட்டுனதா, பெட்ரோலும் டூ ஸ்ட்ரோக் ஆயிலும், மெக்கானிக் கூலி, கூடாரத்துல எடம், லேப் டைம் (டிராக்க ஒரு சுத்து சுத்தற நேரம்) பதியற மீட்டரு, இதுக்கெல்லாம் மேல ஜிஎஸ்டி. ஜிஎஸ்டிய கடைசில சொல்ற கொட்டேஷன நம்பி முன்பணம் குடுக்காதீங்க. ஒரு பேச்சுக்கு ஒரு ரவுண்டு 35,000னு வருதுன்னு வெச்சுக்கோங்க, நாலு ரவுண்டு 1,40,000, மிச்சம் 25,000ல இந்திய மோட்டார் ரேஸிங் அமைப்பான எஃப்எம்எஸ்சிஐ தர்ற லைசென்ஸு, போக்குவரத்து, பிராக்டிஸ். லைசென்ஸ் இல்லாம போட்டியில எறக்கமாட்டாங்க, 18 வயசு ஆகாததால அப்பா அம்மா கையெழுத்தும் கேப்பாங்க. ரவுண்டு விலை 50,000னு வந்தா மூணு ரவுண்டுதான், அதுலயும் வெறும் 15,000தான் மிஞ்சும், அப்ப ரெண்டு ரவுண்டு ஓட்டிட்டு மிச்சத்த பிராக்டிஸுக்கு வெச்சுக்கோ தம்பி. முதல் வருஷத்துல பிராக்டிஸ் இல்லாம ரேஸ் மட்டும் ஓட்டறவன் எதையும் கத்துக்கமாட்டான்.

பெங்களூர்ல ரவுண்டு வந்தா ரூம் வாடகை, சாப்பாடு, கூட ஒருத்தரு போற செலவு எல்லாம் அந்த ரவுண்டு கணக்குலயே ஏறோணும். வீட்டுக் கணக்குல ஏத்துனா கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது.

சொந்தமா கார்ட் வாங்கித் தரச்சொல்லி கேக்கறானாம். முடியாது தம்பி, இந்த வருஷம் முடியாது. சேசிஸும் ரோட்டாக்ஸ் கம்பெனியோட 125 சிசி இன்ஜினும் வெளிநாட்டுச் சாமான், இன்ஜினுக்கு சீல் இருக்கும், அத அவங்க அங்கீகாரம் குடுத்த சர்வீஸ் சென்டர் மட்டுந்தான் திறக்கோணும், நம்ம பட்டறையில பிரிச்சா போட்டிக்கு செல்லாது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கிலோமீட்டருக்கு இல்ல, ஓடுன மணி நேரத்துக்கு செலவு வைக்கும், பிஸ்டன மணி கணக்கு பாத்து மாத்தியாகோணும். செகண்ட் ஹேண்டுல வாங்கறவங்க மணி கணக்கு கேக்காம வாங்கிப்போட்டு ரெண்டாவது மாசமே இன்ஜின இறக்கறாங்க. புதுத் தறி வாங்கறதுக்கு முன்னாடி அடுத்தவங்க செட்டுல ஓட்டிப் பாக்கற மாதிரி, ஒரு சீசன் வாடகைக்கு ஓட்டு. அதுக்கும் முன்னாடி, காசு கட்டி ஓட்டற ஃபோர் ஸ்ட்ரோக் கார்ட்டுல ஒரே டிராக்குல ரெண்டு மூணு மாசம் ஓட்டி லேப் டைம எழுதி வை, நேரம் குறையறது நின்னுபோனா ஏன்னு யோசி.

அக்கா, இன்சூரன்ஸ யாரும் சொல்லியிருக்கமாட்டாங்க. உங்க ஹெல்த் பாலிசிய எடுத்துப் பாருங்க, எக்ஸ்குளூஷன் 09னு ஒரு பிரிவு இருக்கும், சாகச விளையாட்டுகள ப்ரொஃபஷனலா செய்யறவங்களுக்கு கிளைம் இல்லைன்னு போட்டிருக்கும், அதுல மோட்டார் ரேஸிங் பேரே இருக்கும். காசு வாங்காம ஓட்டற அமெச்சூர் பையனுக்கு கிளைம் உண்டான்னு கம்பெனிகிட்ட மெயில்ல பதில் வாங்கிக்கோங்க, ஏஜென்ட் வாயில சொல்றது போதாது. பதில் வர்ற வரைக்கும் டிராக்குல எறக்காதீங்க. அதே மாதிரி அவிநாசி ரோட்டுல அப்பா பைக்க எடுத்துட்டு "பிராக்டிஸ்" பண்றதா ஒரு பேச்சு வந்துச்சு, அது இன்னிக்கே நிக்கோணும், 18 ஆகாத பையன் ரோட்டுல வண்டி ஓட்டி மாட்டுனா பெத்தவங்களுக்கு 25,000 அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலு, வண்டி ஆர்சி ஒரு வருஷத்துக்கு ரத்து. சட்டத்துல இருக்கறது இது.

இந்த கணக்க அப்பா எழுதக்கூடாது, தம்பிதான் எழுதோணும். இது தண்டனை இல்ல தம்பி, இதுவும் படிப்புதான். நம்ம கரி டிராக்குல ஜனவரியில ஃபார்முலா பாரத்னு இன்ஜினியரிங் காலேஜ் பசங்க தாங்களே காரு கட்டிக் கொண்டுவந்து போட்டி போடறாங்க. அதுல ஓட்டறதுக்கு மட்டும் மார்க் இல்ல, ஏன் இப்படி டிசைன் பண்ணுனீங்கன்னு நடுவர்கள் உக்காத்தி வெச்சுக் கேப்பாங்க, காருல போட்ட ஒவ்வொரு நட்டு போல்ட்டுக்கும் என்ன செலவுன்னு காஸ்ட் ரிப்போர்ட்டு குடுக்கோணும், அதுக்கும் மார்க். டிப்ளமோ முடிச்சு பிஇ போறப்ப, ஒரு சீசன் செலவ ரூவா ரூவாயா எழுதி வெச்ச பையன எந்த காலேஜ் டீமும் விடமாட்டாங்க.

அப்பறம் நீ ஓட்டாத ரவுண்டுக்கும் போ. டீம்ல கேட்டு ஹெல்ப்பரா நில்லு, டயர் கழட்டி மாட்டு, காத்து எவ்வளவு வெச்சாங்க, வெயிலுக்கு எவ்வளவு ஏறுச்சுன்னு எழுது, செயினுக்கு எண்ணெய் போடு, கார்புரேட்டர் கழுவு. சம்பளம் கேக்காத, பஸ் காசு குடுத்தா வாங்கிக்கோ. சீசன் முடியறப்ப ஓட்டறதுக்கு மனசு இழுக்குதா, ஸ்பேனருக்கு இழுக்குதான்னு உனக்கே தெரிஞ்சிரும், ரெண்டாவதுன்னா அடுத்த வருஷம் இந்த 3 லட்சமே வேண்டியதில்ல.

ஒரு கண்டிஷன் மட்டும், பாதி சீசன்ல கணக்கு எழுதறது நின்னாலோ, பாலிடெக்னிக்ல அட்டெண்டன்ஸ் குறைஞ்சாலோ, அடுத்த ரவுண்டு கட். கட்டுன முன்பணம் போனாலும் போகட்டும்.

இந்த வாரம் பாலிடெக்னிக் அப்ளிகேஷன் போட்ருங்க அக்கா, பெரியப்பா பேசி வெச்ச சீட்டுக்கு அட்வான்ஸ் எதுவும் குடுத்துறாதீங்க. ரெண்டு டீம்ல இருந்து ஜிஎஸ்டியோட கொட்டேஷன் வாங்கிட்டு வாங்க. பெரியப்பா வர்றேன்னா தாராளமா வரட்டும். நான் கேக்கற கேள்விக்கு தம்பி மட்டும் பதில் சொல்லட்டும்.