ஆறுக்கு ஆறு கராஜ் போதுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பழைய தகரக் கொட்டகையை இடித்துவிட்டு இரண்டு கார் நிற்கும் கராஜ் கட்டப் போகிறோம். மகனிடம் டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப் பக்கி (பின்னால் சரக்குத் தட்டு உள்ள பிக்கப் வண்டி), என்னிடம் போலோ விவோ என்ற சின்னக் கார். பெரிய ஃப்ரீசரும் அங்கேதான் இருக்க வேண்டும். ரோடு மேலே, வீடு கீழே. கேட்டிலிருந்து வளைந்து இறங்கி வர வேண்டும். பில்டர் ஆறுக்கு ஆறு மீட்டர் போதும் என்கிறார். கதவு ஒன்று பெரிதாகப் போடலாமா, சின்னதாக இரண்டு போடலாமா?"

முதலில் பில்டரிடம் ஒன்று கேளுங்கள்: அந்த ஆறு மீட்டர் சுவருக்கு உள்ளேயா, வெளியேயா? நம் ஊரில் வெளிச்சுவர் 220 மில்லிமீட்டர். வெளியே ஆறு என்றால் இரண்டு பக்கச் சுவரும் பூச்சும் சேர்ந்து கிட்டத்தட்ட அரை மீட்டரைத் தின்றுவிடும். உள்ளே ஐந்தரைதான் மிஞ்சும். பக்கி ஏறி நின்றதும் விவோவின் கதவைத் திறக்க ஒல்லியான ஆள் தேட வேண்டியதுதான்.

சரி, உள்ளே ஆறு என்றே வைத்துக்கொள்வோம். ஹைலக்ஸின் அகலம் சுமார் 1.86 மீட்டர், விவோ 1.68. கார் மட்டும் நுழைந்தால் போதாது. கதவைத் திறந்து ஆள் இறங்க வேண்டும், கையில் பையும் இருக்கும். அதனால் நான் இப்படிப் போடுவேன்: இடது சுவரிலிருந்து 80 சென்டிமீட்டர் விட்டுப் பக்கி, இரண்டுக்கும் நடுவே 90, அப்புறம் விவோ, வலது பக்கம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கூட்டினால் 6.4. நமக்கு ஸ்டீயரிங் வலது பக்கம், ஓட்டுபவர் இறங்குவதும் வலது பக்கம்தான். அதனால்தான் உங்கள் பக்கத்தில் தாராளமாக விட்டேன். அந்தச் சுவரில் அலமாரி அடிக்க யாராவது ஆசைப்பட்டால் விடாதீர்கள். வீட்டுக்குள் போகும் கதவும் அந்தப் பக்கமே இருந்தால் நல்லது.

நீளத்தில்தான் ஆறு மீட்டர் உண்மையிலேயே காலை வாரும். ஹைலக்ஸ் 5.33. கதவுக்கும் பம்பருக்கும் நடுவே 30 சென்டிமீட்டர், ஃப்ரீசர் 70, அதன் முன்னால் நின்று மூடியைத் திறக்க 80. 7.13 ஆகிவிட்டது, 7.2 கட்டுங்கள். என் முதல் கராஜில் இந்தக் கணக்கைப் போடாமல் ஃப்ரீசரைக் காரின் மூக்குக்கு நேரே வைத்தேன். ஒரு பாக்கெட் மீன் எடுக்க ஒவ்வொரு முறையும் காரைப் பின்னால் எடுத்த கதையை என் மனைவி இன்னும் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கதவு விஷயத்துக்கு வருவோம். இங்கே கடையில் தயாராகக் கிடைக்கும் ஒற்றைக் கதவு 2.44 மீட்டர் அகலம், இரட்டைக் கதவு 4.88. பக்கியின் பக்கக் கண்ணாடிகளை விரித்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும். நேராக வருகிறவருக்கு ஒற்றைக் கதவு போதும். நீங்களோ சரிவில் வளைந்து இறங்குகிறவர்கள்; நடுத்தூண் என்றைக்காவது கண்ணாடியை வாங்கிக்கொள்ளும். அதனால் ஒரே பெரிய கதவு என்றே சொல்வேன். இன்னொரு காரணமும் உண்டு. புரட்டாசி சனிக்கிழமை என்றால் நம் வீடுகளில் காரை ரோட்டில் விட்டுவிட்டு, கராஜைக் கழுவி, வாழை இலை போட்டு ஐம்பது பேருக்குச் சாப்பாடு போடுகிறோம். நடுவில் தூண் இல்லாத வாசல் அன்றைக்கு எவ்வளவு வசதி என்று உங்களுக்குத் தெரியாததா!

இதில் ஒரு குறையும் இருக்கிறது. பெரிய கதவின் எடையை மேலே இருக்கும் ஸ்பிரிங்தான் தாங்குகிறது. பொதுவாக 10,000 முறை திறந்து மூடும் கணக்கில் அதைச் செய்வார்கள். இரண்டு காரும் ஒரே கதவில் போய்வந்தால் ஒரு நாளைக்கு நாலு முறை ஆகும். ஏழு வருஷம்கூட வராது. அது அறுந்தால் இரண்டு காரும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் யாரும் வீரம் காட்டிக் கதவைத் தூக்கவோ ஸ்பிரிங்கைத் தொடவோ கூடாது, கதவுக்காரரைக் கூப்பிடுங்கள். லோட் ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) குறைந்திருந்தாலும் பேட்டரி உள்ள மோட்டாரையே வாங்குங்கள். ஆள் போய்வர ஒரு சின்னக் கதவும் தனியாக வேண்டும். கரண்ட் இல்லாதபோது அதன் வழியே உள்ளே போய்க் கயிற்றை இழுத்து மோட்டாரைக் கழற்றிவிடலாம்.

மடிந்து மேலே போகும் செக்‌ஷனல் கதவு போதும். ஒரே பலகையாகப் புரண்டு மேலே போகும் டிப்-அப் கதவு விலை குறைவுதான், ஆனால் திறக்கும்போது அதன் கீழ்ப்பாகம் வெளியே வீசி வரும். சரிவில் நிற்கும் காருக்கு அது ஆகாது.

தண்ணீரை மறக்காதீர்கள். ரோடு மேலே இருக்கிற வீட்டில் மழைநீர் நேராகக் கராஜுக்குள்தான் இறங்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த டர்பன்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கதவுக்கு வெளியே, வாசலின் முழு அகலத்துக்கும் கம்பி மூடி போட்ட வடிகால் வையுங்கள். தரை மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாசல் பக்கம் சரியட்டும். வீட்டுத் தரை கராஜ் தரையைவிட ஒரு படி உயரமாக இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள கதவு கெட்டி மரத்தில் இருக்க வேண்டும். உள்ளே பொள்ளலான கதவு பெட்ரோல் நிற்கும் இடத்துக்குச் சரிப்படாது.

பிளான் டர்பனின் எத்தெக்வினி நகராட்சியில் பாஸ் ஆகாமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்; வீட்டை விற்கும் நாளில் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் கேட்பார்கள். பிளான் வரைபவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பால் தரையில் 6.4க்கு 7.2 கோடு போட்டு, இரண்டு காரையும் உள்ளே நிறுத்தி, எல்லாக் கதவையும் திறந்து பாருங்கள். ஃப்ரீசருக்குப் பதில் ஒரு மேசையைப் போடுங்கள். அதற்குப் பின்னால் சுவரில் தனி பிளக் ஒன்று, மோட்டாருக்குக் கூரையில் வேறொன்று என்று அப்போதே குறித்துவிடுங்கள்.