கோடு வரைக்கும் ஓடினவர்

வாசகர் கேள்விகள் – விளையாட்டுப் பயிற்சியாளர் பதில்கள்

கேள்வி: கல்லூரியில் 400 மீட்டர் ஓடியவள் நான். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தடகளம் சொல்லித்தர ஆள் தேவை என்று தெரிந்தவர்கள் கூப்பிடுகிறார்கள். ஆசையாக இருக்கிறது. ஆனால் சிறப்புக் கல்வி எதுவும் நான் படித்ததில்லை. தெரியாமல் அவர்களுக்குக் கெடுதல் செய்துவிடுவேனோ என்று பயம். போகலாமா? – ஒரு வாசகி

பதில்: போங்கள். 11 வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். அந்தப் படிப்பு என்னிடமும் இல்லை. அவர்களுக்கு ஓட்டம் தெரிந்த ஆள் வேண்டும். அது நீங்கள்.

என் முதல் மாதத்தில் 22 வயது இளைஞர் ஒருவர் 50 மீட்டர் பழகினார். அம்பு மாதிரி கிளம்புவார். முடிவுக்கோடு நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து, கோட்டின் மேல் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து நின்றுவிடுவார். பின்னால் வந்தவர்கள் தாண்டிப் போவார்கள். "நிக்காதே, தாண்டு" என்று மூன்று வாரம் கத்தினேன். அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில் அவருடைய அம்மா சொன்னார்: "நீங்கதானே சார் முதல் நாள் 'கோடு வரைக்கும் ஓடு'ன்னீங்க? அவன் அதைத்தான் செய்றான்."

அன்று கோட்டுக்கு 10 மீட்டர் அப்பால் ஒரு சிவப்புக் கூம்பை வைத்து, அதைத் தொடும்வரை நானே ஓடிக் காட்டினேன். அடுத்த ஓட்டத்தில் கோட்டை முழு வேகத்தில் கடந்தார். மூன்று வாரம் கத்தியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கூம்பு இல்லாமல் இன்றுவரை நான் மைதானத்துக்குப் போவதில்லை.

ஆகவே குறைவாகப் பேசுங்கள், செய்து காட்டுங்கள். காட்டிய பிறகு மனசுக்குள் பத்து எண்ணிக் காத்திருங்கள். இதுதான் கஷ்டம். அந்த மௌனம் தாங்காமல் அதையே வேறு விதமாகச் சொல்லத் தொடங்கிவிடுவோம். முதலில் சொன்னதே அவருக்குள் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டாவது வந்து அதைக் கலைத்துவிடும். காத்திருந்தும் வராவிட்டால் அவரிடம் கேட்டுவிட்டு முழங்கையைப் பிடித்து அசைவைக் காட்டலாம். அடுத்த வாரம் விரல் நுனியால் தொட்டால் போதும். அதற்கடுத்த வாரம் வெறும் சைகை. பிடித்த கையை விடுவதும் பயிற்சியில் ஒரு பகுதிதான்.

உங்கள் பயம் நல்ல பயம். முதல் நாளே ஒவ்வொருவரின் மருத்துவப் படிவத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே இருக்கும் ஒரு குரோமோசோம் மாற்றம்) உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் உச்சியில் உள்ள இரண்டு எலும்புகளுக்கு நடுவே தளர்வு இருக்கும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை குட்டிக்கரணம், தலையால் பந்தை முட்டுவது, தண்ணீரில் தலைகீழாகப் பாய்வது எதுவும் வேண்டாம். பிறவி இதயக் கோளாறும் அவர்களிடம் அதிகம். யாருக்காவது வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரத்தைப் பாருங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். விசில் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்கிறவர் இருந்தால் விசிலுக்குப் பதில் கையைத் தூக்கிக் காட்டுங்கள். எந்த வீரருடனும் தனியாக இருக்காதீர்கள். எப்போதும் இன்னொரு பெரியவர் கண்ணில் படும் இடத்தில் இருங்கள். அது அவருக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

இன்னொன்று கெஞ்சிக் கேட்கிறேன். 30 வயது ஆளை "குழந்தை" என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: அறிவுசார் குறைபாடு உள்ள என் மகள் போட்டியில் தோற்றால் உடைந்துபோய்விடுவாளோ என்று கவலை. பேசாமல் எல்லோருக்கும் ஒரே பரிசைக் கொடுத்துவிட்டால் என்ன? – ஒரு தந்தை

பதில்: ஐயா, அப்படிச் செய்தால் அவர் கஷ்டப்பட்டு ஓடியதற்கு மதிப்பில்லாமல் போய்விடும்.

அமெரிக்க அதிபர் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1962-இல் தன் வீட்டுத் தோட்டத்தில் தொடங்கிய முகாமிலிருந்து வளர்ந்ததுதான் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான விளையாட்டு அமைப்பு ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ். 1968 ஜூலையில் சிகாகோவில் முதல் போட்டி நடந்தது. சுமார் 1,000 பேர் வந்தார்கள். உங்கள் கவலைக்கு அங்கே ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். முதலில் ஒரு சுற்று ஓடவிட்டு நேரம் குறிப்பார்கள். பிறகு ஆண் பெண், வயது, திறன் பார்த்துப் பிரிப்பார்கள். ஒரு பிரிவில் மிக வேகமானவருக்கும் மெதுவானவருக்கும் வித்தியாசம் 15 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது வழிகாட்டுதல். 12 வினாடியில் ஓடுபவர் 20 வினாடிக்காரரோடு மோத வேண்டியதில்லை. உங்கள் மகளுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் அவர் எட்டிப்பிடிக்கக்கூடியவர்களாகவே இருப்பார்கள். அப்போது ஜெயிப்பதும் நிஜம், தோற்பதும் நிஜம்.

என்னிடம் பழகும் ஒரு பெண் நான்காவதாக வந்து தேம்பி அழுதார். சமாதானம் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, "ஸ்டார்ட் சொல்லிக்குடுங்க சார்" என்றார். அந்தக் கோபத்தை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வராது.

கேள்வி: அறிவுசார் குறைபாடு உள்ள என் தம்பிக்கு 41 வயது. இனிமேல் இந்த விளையாட்டுகளில் சேர்ப்பார்களா? – ஓர் அக்கா

பதில்: சேர்ப்பார்கள். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டிகளுக்கு 8 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வரம்பு கிடையாது. ஓட்டம் முழங்காலுக்கு ஒத்துவராவிட்டால் பந்தை உருட்டி விளையாடும் போச்சி இருக்கிறது. குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் ஆடும் யூனிஃபைடு பிரிவும் உண்டு. நீங்களே அவருக்குக் கூட்டாளியாக இறங்கலாம். மைதானம் காலியாக இருக்கும் நேரத்தில் ஒருமுறை அவரை அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டுங்கள். கூட்டத்தையும் சத்தத்தையும் அடுத்த வாரம் பழகிக்கொள்ளலாம்.