அராபியாத்தா என்ற காரமான இத்தாலியத் தக்காளி சாஸ், பென்னே என்ற குழாய் வடிவப் பாஸ்தாவில் ஒட்டாமல் தட்டில் தண்ணீராக நிற்கிறது, காரமும் பச்சையாக அடிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

வடித்த பாஸ்தாவைக் குழாய்த் தண்ணீரில் அலசி, எண்ணெய் பிசிறி வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டையும் நிறுத்துங்கள். பென்னேயின் மேல் படிந்திருக்கும் மாவுச்சத்துதான் சாஸைப் பிடித்துக்கொள்ளும். அதைக் கழுவிவிட்டு மேலே எண்ணெயும் பூசினால் சாஸ் வழுக்கிக்கொண்டு கீழேதான் போகும்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே பாஸ்தாவை எடுத்து, கொதிக்கும் சாஸில் நேராகப் போடுங்கள். பாஸ்தா வெந்த தண்ணீரிலிருந்து ஒரு சின்னக் கரண்டி எடுத்து சாஸில் விட்டு, தீயைக் கூட்டி, நிறுத்தாமல் புரட்டுங்கள். சாஸ் பளபளவென்று கெட்டியாகி, பென்னேயின் உள்ளேயும் ஏறிக்கொள்ளும். இந்தக் கடைசி 2 நிமிடம்தான் முக்கியம். ரோம் பக்கத்து வீடுகளிலும் இப்படித்தான் முடிப்பார்கள். இதற்காக, வடிக்கும் முன்பே பாஸ்தா வெந்த தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வைத்துவிடுங்கள்.

அப்படியும் தண்ணீர் விட்டால் தக்காளி சுண்டவில்லை என்று அர்த்தம். பாஸ்தா போடுவதற்கு முன், மரக்கரண்டியால் வாணலியின் நடுவே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். உடனே தண்ணீர் வந்து மூடிக்கொண்டால் இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்க வேண்டும். சாறு அதிகமுள்ள தக்காளி என்றால் கூடுதலாகவே ஆகும்.

அப்புறம் உப்பு. பாஸ்தா வெந்த தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. அதனால் சாஸில் முதலில் குறைவாகப் போட்டு, எல்லாம் சேர்ந்த பிறகு ருசி பார்த்துச் சரிசெய்யுங்கள்.

காரம் பச்சையாக அடிக்கிறது என்றீர்களே, மிளகாயைக் கடைசியில் தூவாதீர்கள். காய்ந்த மிளகாயையும் பூண்டையும் ஆலிவ் எண்ணெயில் சிறு தீயில் முதலில் வதக்குங்கள். பூண்டு கருகினால் கசந்துவிடும், லேசாகப் பொன்னிறம் வந்ததும் தக்காளியைக் கொட்டிவிடுங்கள்.