புளியமரம்: கேட்டதும் சொன்னதும்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து புளியமரத்தைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

உச்சிப்புளியிலிருந்து: ஐயா, எங்கள் வீட்டுப் புளியமரம் மரம் கொள்ளாமல் பூக்கிறது. தரையெல்லாம் பூ கொட்டிக் கிடக்கிறது. காய்ப்பு மட்டும் கொஞ்சம்தான். மரத்துக்கு ஏதும் நோயா?

நோய் இல்லை அம்மா. உதிர்ந்ததை விட்டுவிட்டு, கொத்திலிருந்து ஒரு பூவைப் பறித்துப் பாருங்கள். மொட்டு சிவப்பாகத் தெரியும், விரிந்ததும் மஞ்சள் இதழில் சிவப்புக் கோடுகள் இருக்கும். இதழ் மூன்றுதான் என்று தோன்றும். அடிப்பக்கம் உற்றுப் பார்த்தால் இன்னும் இரண்டு, முள்முனை அளவுக்குச் சுருங்கி ஒளிந்திருக்கும். மகரந்தம் தரும் கேசரங்களும் மூன்றே. அவற்றின் நடுவே பச்சையாக வளைந்து நிற்பதுதான் சூலகம். காயாக வேண்டியது அது.

அந்தச் சூலகம் தன் மரத்து மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. வேறொரு புளியமரத்திலிருந்து தேனீ கொண்டுவர வேண்டும். உங்கள் தெருவில் இது ஒற்றை மரம் என்றால் காய்ப்பு குறையத்தான் செய்யும். பூத்திருக்கும்போது பூச்சிமருந்து அடித்தால் வருகிற தேனீயும் வராது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பூத்ததில் சிறு பங்குதான் காயாகும் என்பதும் இயல்பே. அப்புறம், ஒரு வருஷம் அள்ளிக் கொடுத்த மரம் மறுவருஷம் ஓய்வெடுக்கும். இரண்டு மூன்று வருஷம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், வெட்டிவிடாதீர்கள்.

தேவிபட்டினத்திலிருந்து: ராத்திரி புளியமரத்தடியில் படுத்தால் மூச்சு முட்டும், பேய் அமுக்கும் என்கிறார்களே?

எல்லா மரமும் ராத்திரி சுவாசித்துக் கரியமில வாயுவை வெளிவிடும். திறந்தவெளியில் அது காற்றோடு கலந்துவிடும், ஆளை அமுக்குகிற அளவுக்குச் சேராது. ஆனால் பொழுது சாயும்போது இந்த மரத்தைக் கவனியுங்கள் தம்பி. ஒவ்வொரு ஈர்க்கிலும் பத்துப் பதினைந்து ஜோடிச் சிற்றிலைகள் இருக்கும். அவை ஜோடி ஜோடியாக மூடிக்கொள்ளும். சிற்றிலையின் அடியில் சிறு புடைப்பு உண்டு. அதன் உயிரணுக்களில் நீரின் அழுத்தம் மாறுவதால் இலை மடங்குகிறது, விடிந்ததும் விரிகிறது. எனக்கு இன்றும் பார்க்க அலுக்காத காட்சி அது.

கீழக்கரையிலிருந்து: மாங்காய் புளிக்கிறது, பழுத்தால் இனிக்கிறது. புளி மட்டும் பழுத்தும் ஏன் புளிக்கிறது? ஓடு ஏன் கழன்றுகொள்கிறது?

நல்ல கேள்வி. மாங்காயில் உள்ள அமிலம் பழுக்கப் பழுக்கச் செலவாகிவிடும். புளியில் இருப்பது பெரும்பாலும் டார்டாரிக் அமிலம். பழுக்கும்போது மரம் அதை அவ்வளவாகச் செலவழிப்பதில்லை. சர்க்கரையும் ஏறத்தான் செய்கிறது. பழுத்த சதையில் நூற்றுக்கு 30 பங்குக்கு மேல்கூடச் சர்க்கரை இருக்கும். பாதி பழுத்த உதப்பழத்தின் ருசி அதனால்தான். ஆனாலும் நாக்கில் புளிப்பு மேலோங்கி நிற்கும். பித்தளைக் குடத்தைப் பளபளக்க வைப்பதும் இந்த அமிலம்தான்.

ஓட்டைப் பொறுத்தவரை, காயில் சதை அதோடு ஒட்டியிருக்கும். முற்ற முற்ற சதையில் நீர் வற்றிச் சுருங்கும். ஓடு காய்ந்து மொரமொரப்பாகி, தன் அளவிலேயே நின்றுவிடும். நடுவே இடைவெளி விழுகிறது. ஒட்டாமல் வாழ்கிறவர்களை ‘புளியம்பழமும் ஓடும் போல’ என்பது இதைப் பார்த்துத்தான். விரலால் தட்டினால் சத்தம் மாறும், உலுக்கும் பக்குவம் அதுதான்.

சாயல்குடியிலிருந்து: புளி அவரைக் குடும்பம் என்றால் மண்ணுக்குத் தழைச்சத்து சேருமே? அடியில் ஏன் ஒன்றும் விளைவதில்லை?

குடும்பம் அதுதான். ஆனால் உளுந்து, தட்டைப்பயறு வேரில் தழைச்சத்தைச் சேர்க்கிற முடிச்சு புளிய வேரில் உருவாவதில்லை. அதனால் அந்தக் கணக்கு இங்கே செல்லாது. நிழலும் அடர்த்தி, ஈரத்துக்குப் போட்டியும் கடுமை.

தொண்டியிலிருந்து: கொடுக்காப்புளியும் இதன் வகையா? புளி நம் நாட்டு மரம்தானே?

கொடுக்காப்புளி வேறு பேரினம், அமெரிக்காவிலிருந்து வந்தது. புளிக்குத் தாயகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா, இங்கே வந்தது மிகப் பழங்காலத்தில். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் அதற்கு இட்ட பெயர் டாமரிண்டஸ் இண்டிகா. அந்தப் பேரினத்தில் இது ஒன்றுதான், கூடப்பிறந்த இனம் கிடையாது.

மண்டபத்திலிருந்து: கடலுக்குப் பக்கத்தில் மணற்பாங்கான நிலம். புளி வைக்கலாமா?

வைக்கலாம். உப்புக்காற்றை ஓரளவு தாங்கும், ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் பெருங்காற்றுக்கும் எளிதில் சாயாது. தண்ணீர் தேங்கும் பள்ளம் மட்டும் கூடாது. பனைவரிசை இருந்தால் கடலுக்கு மறுபக்கமாக வையுங்கள். விதைக்கன்று காய்க்க ஏழெட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 ரக ஒட்டுக்கன்று நான்காம் வருஷம்போலக் காய்ப்புக்கு வரும். மரத்துக்கு மரம் 10 மீட்டராவது விடுங்கள். குழியில் மக்கிய சாணமும் செம்மண்ணும் கலந்து, ஐப்பசி மழையை ஒட்டி நடுங்கள். முதல் மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். வெட்டிப்போட்ட சீமைக்கருவேல முள்ளைக் கன்றைச் சுற்றி நெருக்கமாக அடையுங்கள், புளியங்கொழுந்தை ஆடு விட்டுவைக்காது.