காலைல வாக்கிங், மிச்ச நேரம் சோபா: சர்க்கரை இருக்குற அம்மாக்களுக்காகக் கேள்வி பதில்

நான் பிசியோதெரபிஸ்ட். இதய நோயாளிங்க, சர்க்கரை உள்ளவங்கன்னு பாத்துப் பாத்தே தலை நரைச்சுப் போச்சு. 60 தாண்டின, சர்க்கரை இருக்குற பெண்கள் ரொம்ப நேரம் உக்காந்தே இருக்கறதைப் பத்தி கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன், வந்ததுல சிலதுக்கு பதில் போடுறேன்.

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு 68 வயசு. காலைல 40 நிமிஷம் தவறாம நடப்பாங்க, அப்புறம் ராத்திரி வரைக்கும் டிவி முன்னாடிதான். கேட்டா "அதான் நடந்துட்டேன்ல"ங்கிறாங்க. சரியா?

பதில்: பாதி சரி. அந்த வாக்கிங்கை விடவே வேணாம். ஆனா அது போக முழிச்சிருக்குற நேரம் 14, 15 மணி இருக்கே, அதுக்கு யாரு கணக்கு சொல்றது? உக்காந்திருக்கும்போது தொடையில, பின்பக்கத்துல இருக்குற பெரிய பெரிய தசையெல்லாம் சும்மா கெடக்கு. தசை சுருங்கி விரிஞ்சாலே ரத்தத்துல இருக்குற சர்க்கரையை உள்ள இழுத்துக்கும், அதுக்கு இன்சுலினோட தயவு கூட வேணாம், இன்சுலின் சரியா வேலை செய்யாத உடம்புக்கு இது எவ்ளோ பெரிய வரம்னு பாத்துக்கோங்க.

அமெரிக்காவுல 63லேர்ந்து 97 வயசு வரைக்கும் உள்ள 5,600 பெண்களுக்கு மேல இடுப்புல அசைவை அளக்குற கருவியைக் கட்டிவிட்டு, அப்புறம் கிட்டத்தட்ட 5 வருஷம் கவனிச்சாங்க, 2019ல அது வெளிவந்துச்சு. உக்கார்ற நேரம் தினம் 1 மணி கூடக்கூட இதய நோய், ஸ்ட்ரோக் மாதிரியானது வர்ற ஆபத்து சுமார் 12 சதவீதம் கூடிட்டே போச்சு. ஒரே மூச்சா உக்காந்தவங்களுக்கு, அப்பப்ப எழுந்தவங்களைவிட ஆபத்து அதிகம். ஆனா ஒண்ணு, ஏற்கனவே உடம்பு முடியாதவங்கதான் அதிகம் உக்காருவாங்க, அதனால இந்த ஒரு ஆய்வை வெச்சு உக்காந்ததாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: எவ்ளோ நேரத்துக்கு ஒரு தடவை எழுந்திரிக்கணும் மேடம்? சும்மா எழுந்து நின்னா போதுமா?

பதில்: அரை மணிக்கு ஒரு தடவைன்னு வெச்சுக்கோங்க, அமெரிக்க நீரிழிவு சங்கமும் அதைத்தான் சொல்லுது. டைப் 2 உள்ளவங்களை வெச்சு ஆஸ்திரேலியாவுல பண்ணி 2016ல வந்த ஆய்வுல, 30 நிமிஷத்துக்கு ஒருக்கா 3 நிமிஷம் மெதுவா நடந்ததுக்கே சாப்பிட்டப்புறம் ஏறுற சர்க்கரை நல்லா கொறஞ்சுது. நடக்காம நின்ன இடத்துலயே அரைகுறையா உக்காந்து எழுந்து, குதிகாலைத் தூக்கி இறக்கினவங்களுக்கும் அதே கதைதான். சும்மா நிக்கிறது ஒண்ணும் இல்லாததுக்குப் பரவால்ல, அவ்ளோதான். சாப்பிட்டு முடிச்ச முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரத்தை மட்டும் கோட்டை விட்றாதீங்க.

கேள்வி: எனக்கு 72 வயசும்மா. ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, நடன்னு சொன்னா எங்க நடக்குறது?

பதில்: நடக்கவே வேணாம்மா, முதல்ல எழுந்திரிக்கிறதைப் பாப்போம். சோபாவுல புதைஞ்சு உக்காராம, கைப்பிடி வெச்ச உயரமான நாற்காலிய சுவத்துல ஒட்டிப் போடுங்க, அப்பதான் பின்னாடி நகராது. நுனிக்கு வந்து உக்காருங்க, பாதம் ரெண்டையும் முட்டிக்குக் கொஞ்சம் பின்னால இழுத்து வைங்க, மூக்கு கால்விரலுக்கு நேரா வர்ற அளவுக்கு முன்னாடி சாஞ்சு எழுந்திரிங்க. எல்லாரும் இந்த சாயறதைத்தான் விட்டுடுறாங்க, நிமிந்தபடியே எழப் பாத்து மூணு தடவை ஆடி ஆடி பாரத்தையெல்லாம் முட்டியில போட்டுடுவாங்க. உக்காரும்போது தொப்புன்னு விழாம மெதுவா இறங்குங்க. 5 தடவை போதும். அதுவும் முடியாத அன்னிக்கு உக்காந்தபடியே ஒவ்வொரு காலா நீட்டி மடக்குங்க. மூச்சை மட்டும் அடக்காதீங்க.

கேள்வி: அம்மாவுக்கு நெஞ்சு வலின்னு வந்ததே இல்ல. அப்ப ஹார்ட் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

பதில்: இல்ல தம்பி, இதுலதான் நிறைய பேரு ஏமாந்துடுறாங்க. மெனோபாஸுக்கு அப்புறம் பெண்களுக்கு இதய நோய் ஆபத்து ஏறும், சர்க்கரையும் சேந்துட்டா ஆம்பளைங்களைவிட பெண்களுக்கு அது கூட்டிவிடற அளவு அதிகம். நாள்பட்ட சர்க்கரை நரம்பைக் கெடுக்கறதால வலியே தெரியாம அட்டாக் வரலாம். நேத்து வரைக்கும் ஏறின மாடிப்படியில இன்னிக்கு பாதியில மூச்சு வாங்குது, காரணமே இல்லாம அசதி, குமட்டல், குப்புன்னு வேர்வை, தாடை, முதுகு, தோள்ல ஒரு இறுக்கம். திடீர்னு இப்படி வந்தா கேஸ்னு சொல்லி உக்காந்திருக்காம உடனே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க. இந்த மாதிரி அப்பப்ப வந்து போயிட்டிருந்தா டாக்டரைப் பாத்துட்டு அப்புறம் நடக்க வைங்க.

கேள்வி: இன்சுலின் போடுறாங்க, அடிக்கடி எழுந்து நடந்தா லோ சுகர் ஆயிடாதா?

பதில்: 3 நிமிஷ நடைக்குப் பெரும்பாலும் ஆகாது. புதுசா நேரத்தைக் கூட்டும்போது பாத்துக்கணும், இன்சுலினோ, இன்சுலினைக் கூட சுரக்க வைக்கிற சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுக்கறவங்க முதல் சில நாள் டெஸ்ட் பண்ணிப் பாருங்க. 70க்குக் கீழ போனா 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட். பிரஷருக்கோ இதயத்துக்கோ குடுக்குற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு லோ ஆனாலும் படபடப்பு தெரியாம போகலாம், வேர்வைய கவனிங்க.

கேள்வி: கால் மரத்துப் போயிருக்கு, வீட்டுக்குள்ள வெறுங்கால்ல நடக்கலாமா?

பதில்: கூடாது. வீட்டுக்குள்ளயும் செருப்பு. மரத்த கால்ல அடிபட்டாலும் தெரியாது, அதனால ராத்திரி பாதத்தைத் தூக்கி புண்ணு ஏதும் இருக்கான்னு பாருங்க, குனிய முடியலன்னா கண்ணாடிய தரையில வெச்சுப் பாருங்க.

கேள்வி: அக்கா, எழுந்திரு எழுந்திருன்னு சொன்னா அம்மா சண்டைக்கு வர்றாங்க. அலாரம் வெச்சேன், ஆஃப் பண்ணிடுறாங்க.

பதில்: நானா இருந்தாலும் ஆஃப் பண்ணுவேன்! என்கிட்ட வர்ற ஒருத்தங்க ரிமோட்டை டிவி பக்கத்துலயே வெச்சுட்டாங்க, சேனல் மாத்தணும்னா எழுந்துதான் ஆகணும். முதல் வாரம் ஒரே சேனலைப் பாத்துட்டு உக்காந்திருந்தாங்களாம், பிடிக்காத சீரியல் ஒண்ணு ஆரம்பிச்சப்புறம்தான் எழுந்திரிச்சாங்களாம்.