தூரம் கூடினால் நேரம் குறையுமா?

கேள்வி: சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட இருக்கிறேன். தில்லியிலிருந்து அங்கே சுமார் 12,400 கிலோமீட்டர் என்று இணையத்தில் பார்த்தேன். ஆனால் 2016-இல் ஏர் இந்தியா விமானம் 15,300 கிலோமீட்டர் சுற்றிப் போய் நேரத்தை மிச்சப்படுத்தியது என்றும், பூமியின் சுழற்சியே அதற்குக் காரணம் என்றும் எங்கள் குடியிருப்பில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?
– ஒரு வாசகி, ராமகிருஷ்ணபுரம், புது தில்லி

பதில்: செய்தியை நம்பலாம், காரணத்தை அப்படியே ஏற்க இயலாது.

நீங்கள் பார்த்த தூரம் இரு விமான நிலையங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம். இவ்விரு நகரங்களும் உலக உருண்டையின் ஏறத்தாழ எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், அக்கோடு சைபீரியாவுக்கு மேலே ஏறி ஆர்க்டிக் பகுதி வழியாக இறங்குகிறது. விமானம் அக்கோட்டிலேயே பறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2015 டிசம்பரில் தொடங்கிய அந்த நேரடிச் சேவை முதலில் ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாக மேற்கு நோக்கிச் சென்றது. 2016 அக்டோபரில் அதைப் பசிபிக் வழியாகக் கிழக்கே திருப்பினார்கள். தூரம் கூடியது, பயணமோ சுமார் பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் பதினான்கரை மணியில் 13,050 கிலோமீட்டர்தான் கடக்கும். மீதி 2,250 கிலோமீட்டர் காற்றின் உபயம். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் ஜப்பானை ஒட்டிய வானில் குளிர்காலத்தில் மிக வலுவாக வீசும். சில நாட்களில் அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். எதிர்த்துப் பறந்தால் அதே காற்று நேரத்தை விழுங்கிவிடும்.

பூமி சுழலும்போது காற்று மண்டலமும் உடன் சுழல்வதால், ஆகாயத்தில் நின்றுகொண்டே அமெரிக்கா வரட்டும் என்று காத்திருக்க முடியாது. எனினும் வெப்ப மண்டலத்திலிருந்து துருவம் நோக்கி நகரும் காற்றைக் கிழக்கே வளைப்பது அந்தச் சுழற்சிதான் என்பதால், உங்கள் நண்பருக்குப் பாதி மதிப்பெண் தரலாம். ஆகவே கிலோமீட்டரை 900-ஆல் வகுத்துப் பயண நேரம் காண்பது வீண் வேலை. அட்டவணையில் உள்ள மணிக்கணக்கையே பாருங்கள்.

கேள்வி: ஜனவரியில் தில்லியில் அதிகாலை 4 மணிக்கு ஏறினால், அங்கே அதே தேதி 5 மணிக்கு இறங்கலாமாமே?
– ஒரு வாசகர், மயூர் விஹார், தில்லி

பதில்: பறக்கும் நேரம் பதினான்கரை மணியானால் இறங்கலாம். குளிர்காலத்தில் அந்நகரம் நமக்குப் பதின்மூன்றரை மணி பின்தங்கியிருக்கிறது. கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவதால் அங்கே 6 மணி ஆகியிருக்கும். பயணச்சீட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரமே அச்சாகும். திரும்பும்போது இந்த வித்தியாசம் பறக்கும் நேரத்துடன் கூடிவிடுவதால், இரவு 9 மணிக்கு அங்கே ஏறுபவர் தில்லியில் இறங்கும்போது தேதி இரண்டு தள்ளியிருக்கும். வரவேற்க வருபவரிடம் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.