கேட்டால் சொல்கிறேன்: தழுவுவதா, மாறுவதா?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். 'கலிங்கப் போருக்குப் பின் அசோகர் புத்த சமயத்தைத் தழுவினார்' என்று படித்துவிட்டு, "தழுவுறதுன்னா கட்டிப்பிடிக்கிறதுதானே? சமயத்தை எப்படிம்மா கட்டிப்பிடிப்பாங்க?" என்கிறாள். என்ன சொல்லட்டும்?
- ஒரு வாசகி, தொண்டி

பதில்: பிள்ளை சரியாகத்தான் பிடித்திருக்கிறாள். தழுவுதல் என்றால் முதலில் கட்டிப்பிடித்தல்தான். நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் பேப்பரைப் பிரித்துக் காட்டுங்கள். 'தொழுகை முடிந்து ஒருவரையொருவர் கட்டித் தழுவி வாழ்த்துச் சொன்னார்கள்' என்று படத்துக்குக் கீழே இருக்கும். காஞ்சிபுரம் ஏகாம்பரநாதருக்கு 'தழுவக் குழைந்தார்' என்று பெயர் வந்ததும் அம்பிகை கட்டிக்கொண்ட கதையால்தான்.

ஆனால் இந்தச் சொல் உடம்போடு நின்றுவிடவில்லை. திருக்குறளில் 53-ஆம் அதிகாரத்துக்குச் 'சுற்றந்தழால்' என்று பெயர். தழால் என்றால் தழுவுதல். சொந்தக்காரர்களை விலகிப்போக விடாமல் அணைத்து வைத்துக்கொள்வதைப் பற்றியது. 425-ஆம் குறளில் 'உலகம் தழீஇயது ஒட்பம்' என்று வருகிறது. உலகத்தை நட்பாக்கிக்கொள்வதுதான் அறிவு என்று அதற்கு உரை. ஆக, வெளியே இருக்கும் ஒன்றை நம்முடையதாக்கிக்கொள்வது என்ற பொருள் அன்றைக்கே இருக்கிறது. சமயத்தைத் தழுவுவதும் அதே வழியில் வந்ததுதான். மகளிடம், "அசோகர் அதைத் தனக்குன்னு எடுத்துக்கிட்டாரு" என்று சொல்லுங்கள், போதும்.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? செய்தித்தாளில் ஒருவர் மூன்றைத்தான் அடிக்கடி தழுவுகிறார்: மதம், தோல்வி, மரணம். தேர்தலில் ஜெயித்தவர் வெற்றியைத் தழுவியதாக ஒரு நிருபரும் எழுதுவதில்லை. தோற்றவர் மட்டும் ஏன் ஓடிப்போய்த் தோல்வியைக் கட்டிப்பிடிக்க வேண்டும்? எனக்கு இன்னும் புரியவில்லை.

கேள்வி: 'மதம் மாறினார்', 'மதத்தைத் தழுவினார்' இரண்டும் ஒன்றுதானே? எங்கள் ஊர் மலருக்குக் கட்டுரை எழுதுகிறேன், அதனால் கேட்கிறேன்.
- ஒரு வாசகர், பெரியபட்டினம்

பதில்: நடந்தது ஒன்றுதான். சொல்கிறவர் எந்தக் கரையில் நின்று பார்க்கிறார் என்பதுதான் வேறு. 'மாறினார்' என்றால் விட்டு வந்த இடமும் கூடவே தெரிகிறது. 'தழுவினார்' என்றால் போய்ச் சேர்ந்த இடம் மட்டும்தான் தெரிகிறது, அதிலே ஒரு மரியாதையும் இருக்கிறது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார் என்றுதான் எழுதுகிறோம். 'மாற்றப்பட்டார்' என்று எழுதினாலோ, அவருக்கென்று ஒரு மனசு இருந்ததையே மறுத்துவிடுகிறோம். ஆதாரம் கையில் இல்லாமல் அந்தச் சொல்லைத் தொடாதீர்கள்.

இலக்கணமும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். இஸ்லாத்தைத் தழுவினார், இஸ்லாத்துக்கு மாறினார். 'இஸ்லாத்துக்குத் தழுவினார்' என்று ஒரு மலரிலேயே பார்த்தேன். இன்னொரு மலருக்கு நான் பிழை திருத்திக் கொடுத்தபோது, 'எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவத்தைத் தழுவி வருகிறது' என்று ஒரு வரி வந்தது. தழுவுவது ஒரு நாள் நடக்கிற காரியம். நான்கு தலைமுறையாக நடப்பது பின்பற்றுவது. அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். எழுதியவருக்கு என்மேல் வருத்தம்தான்.

அப்புறம், இந்தச் சொல் நம் பக்கத்தில் பேச்சில் கிடையவே கிடையாது. தேவிபட்டினத்து டீக்கடையில் ஒரு நாள் காதில் விழுந்தது. இரண்டு பேருக்கும் அறுபதுக்கு மேல் இருக்கும். பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒருவர் கேட்டார்: "ஏன் மச்சான், உங்காளுக எப்ப இஸ்லாத்தைத் தழுவுனீங்க?" தொப்பி போட்டிருந்தவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நான் எங்கப்பா தழுவுனேன்? எங்க பூட்டனுக்குப் பூட்டன் மார்க்கத்துக்கு வந்தாக. நான் சும்மா பொறந்தேன்."

'மார்க்கத்துக்கு வந்தாக.' இதுதான் கடற்கரைப் பேச்சு. கிறிஸ்தவம் என்றால் 'வேதத்துல சேந்துட்டாக'. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டுண்டு இறந்த பாதிரியார் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) கதையிலும், அவரிடம் வந்த மறவர் தலைவர் தடியத்தேவர் 'ஞானஸ்நானம் வாங்கினார்' என்றுதான் சொல்வார்களே தவிர, யாரும் எதையும் தழுவுவதில்லை. வருவது, சேர்வது, வாங்குவது எல்லாம் கைகால் உள்ள சொற்கள். உங்கள் கட்டுரையில் பெரியவர்கள் சொன்னதை எழுதும் இடத்தில் இவற்றையே போடுங்கள். உங்கள் கூற்றாக வரும் இடத்தில் 'தழுவினார்' இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு மட்டும் இந்தச் சொல் வேண்டாம். பாம்பனில் என் பக்கத்து வீட்டுக்காரர் டாக்டர் பேச்சைக் கேட்டு சீலா, காரல் என்று மீன் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். 'அண்ணாச்சி சைவத்துக்கு மாறிட்டாரு' என்றால் தெருவில் எல்லோருக்கும் புரியும். 'சைவத்தைத் தழுவினார்' என்று எழுதினால், நெற்றியில் பட்டை எங்கே என்று தேடுவார்கள். பாவம், அவர் தேடுவது கருவாட்டை.

கேள்வி: 'தழுவல் கதை' என்கிறார்களே, அதுவும் இதே தழுவல்தானா?
- ஒரு வாசகர், மண்டபம்

பதில்: அதேதான். இன்னொருவர் கதையை எடுத்து, நம் ஊர், நம் ஆட்கள் என்று ஆக்கிக்கொள்வது. மூலக்கதை இன்னாருடையது என்று முதல் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை என்றால் அதற்கு வேறு சொல் இருக்கிறது, உங்களுக்கே தெரியும்.